மாற்றிய டிஸ்ப்ளே வேறொருவரின் கணக்கைக் கேட்கிறது: நான் வாங்கியது திருட்டுப் பொருளா?

கேள்வி: அண்ணன் அவர்களுக்கு வணக்கம். பாம்பனில் நான்கு ஆண்டுகளாகச் சிறிய மொபைல் சர்வீஸ் கடை நடத்துகிறேன். போன மாதம் கீழக்கரையைச் சேர்ந்த ஒரு சபுராளி, துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தவர், டிஸ்ப்ளே உடைந்த ஐபோனைக் கொண்டுவந்தார். புதிய ஒரிஜினல் டிஸ்ப்ளேயின் விலை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. ஒரு வியாபாரியிடம் மொத்தமாக வாங்கிய பத்து டெட் செட்டுகள் (இயங்காத போன்கள்) என்னிடம் இருந்தன. அவற்றில் ஒன்றில் போர்டு (போனை இயக்கும் மின்சுற்றுப் பலகை) செத்திருந்தாலும் டிஸ்ப்ளே நன்றாக இருந்தது. கழற்றி மாட்டினேன். படம் வந்தது, டச் வேலை செய்தது. அன்று இரவே அவர் திரும்பி வந்துவிட்டார். இந்த டிஸ்ப்ளே வேறொருவரின் கணக்கில் பூட்டப்பட்டிருக்கிறது, அவருடைய கடவுச்சொல் வேண்டும் என்று போன் கேட்கிறது. "திருட்டுப் போனைப் பிரித்து என் தலையில் கட்டிவிட்டாயா தம்பி?" என்று கடை வாசலில் நின்று கேட்டார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். வியாபாரி இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் 3,000 ரூபாய் கொடுத்தால் பூட்டை எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். நான் வாங்கியது திருட்டுப் பொருளா? அவரிடம் பணம் கொடுக்கலாமா? பழைய பாகங்களை நம்பி இனி எப்படித் தொழில் செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பாம்பன்

பதில்: தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இதைப் படிப்பதற்குள் நீங்கள் பணத்தை அனுப்பிவிடக் கூடாது.

கொடுக்காதீர்கள். உங்கள் கையில் இருக்கும் டிஸ்ப்ளேயில் பூட்டு இல்லை. அதிலுள்ள சிப்பில் ஒரு வரிசை எண் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த எண் யாருடைய கணக்கைச் சேர்ந்தது என்ற பதிவு நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் பேசுகிறவரின் கை அங்கே எட்டாது. அவரால் இரண்டு காரியங்கள்தான் முடியும். ஒன்று, பணத்தை வாங்கிக்கொண்டு உங்கள் எண்ணைத் தடை செய்வது. மற்றது இதைவிடக் கொடுமை. பழைய சொந்தக்காரரின் எண்ணைத் தேடிப் பிடித்து, "உங்கள் தொலைந்த போன் கிடைத்துவிட்டது, இந்த இணைப்பில் நுழைந்து பாருங்கள்" என்று நிறுவனமே அனுப்பியதுபோலக் குறுஞ்செய்தி அனுப்பி, அவருடைய கடவுச்சொல்லைப் பிடுங்குவது. பல நாடுகளில் நடக்கிற மோசடி இது. போனைப் பறிகொடுத்தவரிடம் இரண்டாம் முறையும் திருடுவதற்கு உங்கள் 3,000 ரூபாய் போக வேண்டாம்.

இனி உங்களை உறுத்துகிற கேள்வி. பூட்டு இருப்பதால் மட்டுமே அது திருட்டுப் பொருள் ஆகிவிடாது. நம் கடற்கரையில் போன்கள் எப்படிச் சாகின்றன என்பது உங்களுக்கே தெரியும். வல்லத்தில் ஏறும்போது இடுப்பிலிருந்து நழுவி விழும், அல்லது அலை அடித்துப் பை நனையும். கடல் நீரில் மின்சாரம் தாராளமாகப் பாயும். பேட்டரி இணைந்திருக்கும் வரை அது போர்டை அரித்துக்கொண்டே இருக்கும். அரிசிக்குள் புதைத்து வைத்து மூன்று நாள் காத்திருந்துவிட்டுக் கொண்டுவருவார்கள். திறந்து பார்த்தால் சார்ஜிங் பகுதியிலிருந்து சிப்புகளின் கால்கள் வரை பச்சை பூத்திருக்கும். ஆனால் டிஸ்ப்ளே பல நேரம் பிழைத்துவிடும். போர்டு செத்து டிஸ்ப்ளே உயிரோடு இருக்கும் செட்டுதான் இந்தக் கரையில் நமக்கு அதிகம் கிடைக்கும் சரக்கு. சொந்தக்காரர் என்ன செய்வார்? கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார். தம் கணக்கு இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தோன்றவே தோன்றாது. போன்தான் செத்துவிட்டதே, இனி எதை நீக்குவது என்று நினைப்பார்.

ஆகவே உங்கள் டிஸ்ப்ளே அப்படி நேர்மையாக விற்கப்பட்ட ஒரு செட்டிலிருந்து வந்திருக்கலாம். இறந்துபோன ஒருவருடையதாக இருக்கலாம். எங்கோ ஒரு பஸ் நிலையத்தில் பிடுங்கப்பட்டதாகவும் இருக்கலாம். நீங்களும் நானும் டிஸ்ப்ளேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் எது என்று கண்டுபிடிக்க முடியாது. என் வருத்தம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன் இந்தப் பூட்டு எப்படிப் பிறந்தது என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கீழக்கரைக் காக்காவுக்கு (அண்ணனுக்கு) நீங்கள் விளக்க வேண்டியிருக்கும்.

2013ஆம் ஆண்டு ஆப்பிள் தன் ஐபோன்களில் ஆக்டிவேஷன் லாக் கொண்டுவந்தது. திருடியவன் எல்லாவற்றையும் அழித்தாலும், பழைய சொந்தக்காரரின் கணக்கும் கடவுச்சொல்லும் இல்லாமல் போனைப் புதிதாகத் தொடங்க முடியாது. 2015இல் ஆண்ட்ராய்டு 5.1 பதிப்போடு கூகுளும் அதே போன்ற காவலை வைத்தது. நம் நாட்டில் 2023 மே மாதம் தொடங்கிய மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில், தொலைந்த போனின் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்ணை) கொடுத்தால் எந்த சிம்மும் அதில் வேலை செய்யாதபடி தடுத்துவிடுகிறார்கள். மூன்றும் நல்ல காரியங்கள். ஆனால் மூன்றுமே போர்டைத்தான் காவல் காக்கின்றன. ஐஎம்இஐ எண் போர்டுக்குத்தான் உண்டு, டிஸ்ப்ளேக்கு இல்லை. முழு போனாக விற்க முடியாத திருடன் என்ன செய்தான்? பிரித்து விற்றான். டிஸ்ப்ளே ஒரு கடைக்கு, கேமரா ஒரு கடைக்கு, பேட்டரி ஒரு கடைக்கு என்று போய்விட்டால் எந்தப் பதிவேட்டிலும் சிக்காது. அந்த வழியை அடைக்கத்தான் பாகங்களுக்கும் இந்தப் பூட்டை நீட்டிக்கப்போவதாக 2024 ஏப்ரலில் ஆப்பிள் அறிவித்தது. தொலைந்ததாகக் குறிக்கப்பட்ட போனிலிருந்தோ, கணக்குப் பூட்டு நீங்காத போனிலிருந்தோ எடுத்த பாகம் என்று தெரிந்தால், அந்தப் பாகத்தைப் புதிய போனோடு முழுமையாகப் பொருத்திச் சரிசெய்ய விடாது. படம் தெரியும், டச் வேலை செய்யும். ஆனால் நிறத்தையும் வெளிச்சத்தையும் சீராக்குகிற வேலை நிறைவேறாமல் நிற்கும்.

இந்தப் பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு மீனவர் இரண்டு நடைக் கடலுக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் மகளின் படிப்புக்காக வாங்கிய போனை ஒருவன் பிடுங்கிக்கொண்டு ஓடினால், அதன் ஒரு திருகாணிகூட அவனுக்குக் காசு கொடுக்கக் கூடாது. "இது யாருடைய பொருள்?" என்று போன் கேட்கிறதே, அது நியாயமான கேள்வி. பழைய பாகம் மாட்டுகிற நாம் இத்தனை ஆண்டுகளாக நம்மையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

என் வழக்கு வேறு. பாக்கு நீரிணையில் வலை விரிக்கிறவர்கள் தங்கள் போயாவில் (மிதவையில்) ஒரு நிறமோ, துணியோ, எழுத்தோ அடையாளமாக வைக்கிறார்கள். அறுந்து மிதந்து வருகிற வலையைக் கண்டெடுப்பவர் அந்த அடையாளத்தைப் பார்த்தவுடனே இது இன்னாருடையது என்று சொல்லிவிடுவார். அது எல்லாராலும் படிக்க முடிகிற அடையாளம். அதனால் கண்டெடுத்தவருக்கும் பழி வராது, பறிகொடுத்தவருக்கும் பொருள் கிடைத்துவிடும். போன் பாகத்திலும் அடையாளம் இருக்கிறது. ஆனால் அதை நிறுவனத்தின் சர்வர் மட்டும்தான் படிக்கிறது, அதுவும் நீங்கள் பணம் கொடுத்து வாங்கி, கழற்றி, ஒட்டி, மாட்டி, வாடிக்கையாளரின் கையில் கொடுத்த பிறகு. வியாபாரியின் மேசையில் அந்தச் செட்டைப் பார்த்தபோதே எண்ணைத் தட்டிப் பார்க்க உங்களுக்கு ஒரு வழி இருந்திருந்தால் வாங்கியிருப்பீர்களா? முழு போனுக்கு அப்படி ஒரு வழி முன்பு இருந்தது. வரிசை எண்ணை இட்டுப் பூட்டு இருக்கிறதா என்று எவரும் பார்க்கிற பக்கத்தை ஆப்பிளே 2014இல் திறந்தது. 2017 ஜனவரியில் அதை எடுத்துவிட்டது. காவல் வைக்கிறவர், வாங்குகிறவரின் கண்ணைக் கட்டிவிட்டு வைக்கக் கூடாது. கண்ணைக் கட்டினால் சிக்கிக்கொள்வது திருடன் அல்ல. திருடன் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டான். சிக்கியது நீங்கள்.

பாதுகாப்பு என்ற சொல் எப்போதும் திருட்டைத் தடுக்கத்தான் பயன்பட்டது என்றும் நம்பிவிடாதீர்கள். கைரேகை பட்டனை வெளிக்கடைகளில் மாற்றிய ஐபோன்கள் மென்பொருளைப் புதுப்பித்ததும் 'பிழை 53' என்று காட்டிச் செத்துப்போன காலம் நம் தொழிலில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் போன்களில் எதுவும் திருடப்பட்டதல்ல, சொந்தக்காரரே கையில் கொண்டுவந்து கொடுத்து மாற்றியவை. எதிர்ப்பு எழுந்த பிறகு 2016 பிப்ரவரியில் அவற்றை மீட்கும் மென்பொருளை ஆப்பிள் வெளியிட்டது. ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2018இல் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. 2021இல் ஐபோன் 13 வந்தபோதும், டிஸ்ப்ளேயை வெளியே மாற்றினால் முகம் பார்த்துத் திறக்கும் வசதி நின்றுபோனது. கடைக்காரர்கள் நுண்ணோக்கியின் கீழ் சிப்பைப் பெயர்த்து ஒட்ட வேண்டியிருந்தது. கூச்சல் எழுந்தது, அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம் பாகங்களை இப்படி ஒரே போனோடு முடிச்சுப் போடுவதைத் தடுக்கும் சட்டத்தை 2024 மார்ச் மாதம் நிறைவேற்றியது. பழைய ஒரிஜினல் பாகங்களை ஏற்றுக்கொள்வோம் என்று ஆப்பிள் அறிவித்தது அதற்கு அடுத்த மாதம். கேட்டால்தான் கிடைக்கிறது, தம்பி. நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான தளத்தை 2022 டிசம்பரில் தொடங்கிவிட்டது. ஆனால் ஒரேகானைப் போல நிறுவனத்தின் கையைப் பிடித்துத் தடுக்கும் சட்டம் இங்கே இன்னும் வரவில்லை. ஊர் ஊராகக் கடை வைத்திருக்கும் நாம் சங்கமாகச் சேர்ந்து கேட்க வேண்டியது ஒன்றுதான்: வாங்குவதற்கு முன்பே பாகத்தின் எண்ணைச் சோதிக்கும் வழியைத் திறந்துவிடுங்கள்.

சரி, நாளைக் காலை நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருவோம்.

காக்காவைத் தேடி நீங்களே கீழக்கரைக்குப் போங்கள். அவர் மீண்டும் கடைக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். "எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது, ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் பழைய டிஸ்ப்ளேயைப் போட்டது என் தவறு" என்று சொல்லுங்கள். பழைய பாகம் என்று அவரிடம் சொன்னதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லையே. அதுதான் உண்மையில் அவரைச் சுட்டிருக்கிறது. அந்த டிஸ்ப்ளேயைக் கழற்றிவிட்டு, வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுங்கள்.

கழற்றிய அவருடைய சொந்த டிஸ்ப்ளேயை வைத்திருக்கிறீர்களா? வைத்திருந்தால் ஒரு நல்ல வழி இருக்கிறது. மேல் கண்ணாடி மட்டும் உடைந்து, படம் கோடில்லாமல் தெரிகிறதென்றால் டிஸ்ப்ளேயை மாற்றவே தேவையில்லை. ஓசிஏ இயந்திரம் (கண்ணாடியைப் படம் காட்டும் பேனலோடு ஒட்டும் இயந்திரம்) உள்ள கடையில் கண்ணாடியை மட்டும் பிரித்துப் புதிதாக ஒட்டித் தருவார்கள். உள்ளே இருப்பது அவருடைய பேனல், அவருடைய சிப். போன் எதையும் கேட்காது. முழு டிஸ்ப்ளே விலையைவிடப் பெரும்பாலும் குறைவாகவே முடியும். உடைந்த டிஸ்ப்ளேயைக் கடைசி வரை குப்பையில் போடாதீர்கள் என்று என் மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். பேனலே கறுத்துப் போயிருந்தால் புது ஒரிஜினல், அல்லது காப்பி (ஒரிஜினல் அல்லாத நகல்) என்று சொல்லியே மாட்டுகிற நகல். அதில் வரும் எச்சரிக்கைச் செய்தியை முன்கூட்டியே அவரிடம் காட்டிவிடுங்கள்.

அவருடைய பழைய டிஸ்ப்ளேயின் சிப்பைப் பெயர்த்து, பூட்டிய பேனலில் ஒட்டினால் போன் பேசாமல் இருந்துவிடும் என்று யாராவது காணொளி காட்டுவார்கள். புதிய பேனலுக்கு அதைச் செய்வது நேர்மையான வேலை, நானே செய்கிறேன். பூட்டிய பேனலுக்குச் செய்தால் அது அடையாளத்தைச் சுரண்டி எடுப்பது. போயாவின் எழுத்தை அழித்துவிட்டு வலையை வைத்துக்கொள்வதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

மீதி ஒன்பது செட்டுகளைத் தனியே எடுத்து வையுங்கள். விற்கவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். நம் நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றி வாங்குவதையும் வைத்திருப்பதையும் குற்றம் என்கிறது. மூன்றாண்டு வரை சிறை உண்டு. அந்த மூட்டையைச் சந்தேகிக்க நேற்று வரை உங்களுக்குக் காரணம் இருக்கவில்லை. போன் கேட்ட பிறகு இருக்கிறது. உயிர் வருகிற செட்டுகளைச் சார்ஜ் போட்டு இயக்கிப் பாருங்கள். ஐபோனின் வரவேற்புத் திரையிலேயே 'ஐ' என்ற குறியைத் தொட்டால் ஐஎம்இஐ எண் காட்டும். ஆண்ட்ராய்டு என்றால் *#06# அழுத்திப் பாருங்கள். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும், ஓர் இடைவெளி விட்டு அந்த 15 இலக்க எண்ணையும் 14422க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், தடுக்கப்பட்ட எண்ணா என்று பதில் வரும். ஒன்று தடுக்கப்பட்டது என்று வந்தாலும், வாங்கிய விவரத்தோடும் வியாபாரியின் எண்ணோடும் காவல் நிலையத்துக்கு நீங்களே போய்விடுங்கள். அவர்கள் உங்களைத் தேடி வருவதற்கும் நீங்கள் தேடிப் போவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. வியாபாரிக்கும் நடந்ததை எழுதி அனுப்பி, அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள்.

இனி எப்படித் தொழில் செய்வது என்று கேட்டீர்கள். பழைய பாகத்தை விட்டுவிடாதீர்கள். நல்ல டிஸ்ப்ளேயைக் குப்பைக்கு அனுப்புவது பாவம். புதியது வாங்க வசதியில்லாதவர்கள்தான் நம் கடைகளுக்கு வருகிறார்கள். நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரைத் தேடி மதுரைக்குப் போவதென்றால் ராமேசுவரத்திலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர். ஒரு நாள் கூலி போய்விடும். ஆனால் இனிமேல் செட்டை வாங்கும்போதே கணக்குப் பூட்டிலிருந்து விடுதலையையும் சேர்த்து வாங்குங்கள். செத்த ஐபோனுக்கும் இது முடியும் என்பது பல கடைக்காரர்களுக்கே தெரியவில்லை. சொந்தக்காரர் வேறு போனிலிருந்து ஐகிளவுட் தளத்தில் தம் கணக்கில் நுழைந்து, சாதனங்களின் பட்டியலில் அந்தச் செட்டைத் தேர்ந்து, கணக்கிலிருந்து நீக்கிவிட்டால் பூட்டு விலகிவிடும். போர்டுக்கு உயிர் வேண்டியதில்லை. கடவுச்சொல்லை அவரே தட்டட்டும். நீங்கள் கேட்கவும் கூடாது, பார்க்கவும் கூடாது. நீக்கியதைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு அதன் பிறகே பணத்தை எண்ணுங்கள். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் போர்டுக்குத்தான் பூட்டு. கூகுள் கணக்கை நீக்கிவிட்டு ரீசெட் செய்யச் சொன்னால் போதும்.

(வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: திருடு போன போனை மட்டும் கணக்கிலிருந்து நீக்கிவிடாதீர்கள். "நீக்கினால்தான் திரும்பத் தருவேன்" என்று யார் அழைத்தாலும் நம்பாதீர்கள். நீக்கிய நிமிடத்திலிருந்து அது அவனுடைய போன்.)

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில், கையில் காசில்லாமல் விசைப்படகுத் தொழிலாளர்கள் செட்டுகளைக் கொண்டுவருவார்கள். அவசரத்தில் வருகிறவரிடம் கணக்கை நீக்கும் அந்த ஐந்து நிமிட வேலையைப் பொறுமையாகச் செய்து கொடுங்கள். ஒரு நோட்டுப் போட்டுத் தேதி, விற்றவரின் பெயர், அடையாள அட்டை நகல், ஐஎம்இஐ எண் எல்லாவற்றையும் எழுதுங்கள். மொத்த வியாபாரி என்றால் ஒவ்வொரு செட்டின் எண்ணும் வரிவரியாக இருக்கிற பில் கேளுங்கள். தரமாட்டேன் என்பவரின் மூட்டை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லா நேரமும் இது கைகூடாது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. தொண்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா என்னிடம் வந்தார். மகன் வளைகுடாவில் வேலை பார்த்த இடத்திலேயே இறந்துவிட்டார். அவருடைய பெட்டியோடு போனும் வந்திருக்கிறது. கீறல்கூட இல்லை. விற்றால் பேத்தியின் பள்ளிக் கட்டணத்துக்கு ஆகும் என்றார். கடவுச்சொல் மகனோடு போய்விட்டது. போனை வாங்கிய ரசீது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. இறப்புச் சான்றிதழைக் காட்டி நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வழி உண்டு. நானே படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். ஆனால் அவர்கள் கேட்ட சட்டப்படியான காகிதங்களைத் திரட்ட அந்த அம்மாவுக்குத் தெம்பில்லை. போன் இன்றும் அவர் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. திருடனுக்கு வைத்த பூட்டு அவருக்கும் அதே கனத்தோடு விழுந்திருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஐபோன் வைத்திருப்பவர்கள், தமக்குப் பின் கணக்கைத் திறக்க ஒருவரை 'லெகசி கான்டாக்ட்' என்று முன்பே குறித்து வைக்கலாம். 2021 டிசம்பரிலிருந்து அந்த வசதி இருக்கிறது. கப்பல் வேலைக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை அனுப்புகிற வீடுகள் நிறைந்த இந்தக் கரையில், உங்கள் கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அதைச் சொல்லுங்கள், வாங்கிய ரசீதைப் படம் பிடித்து வீட்டாருக்கு அனுப்பிவைக்கவும் சொல்லுங்கள்.

காக்காவின் விடுமுறை முடிவதற்குள் அவரைப் பார்த்துவிடுங்கள். மீதிச் செட்டுகளில் எண் எடுக்க முடியாதவை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரத்துக்குக் கொண்டுவாருங்கள். போர்டுக்கு உயிர் கொடுத்து எண்ணை மட்டும் எடுக்க முடிகிறதா என்று இருவரும் உட்கார்ந்து பார்ப்போம்.